நிரம்பாத குடங்கள்: இரவெல்லாம் ஓடியும் சேராத ஸ்கேன் படங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காலை 6.50 மணிக்கு எங்கள் ஸ்கேன் நிறுவனத்தின் தாம்பரம் கிளையில் ஒரு பெரியவருக்குத் தலை சி.டி. ஸ்கேன் எடுத்து முடித்தார்கள். பக்கவாதமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் பக்கத்து நர்சிங் ஹோமிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா, அல்லது ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்பதை அந்தப் படம்தான் சொல்ல வேண்டும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு என்றால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் கீழ்ப்பாக்கத்தில், தன் வீட்டுத் திரையின் முன் தயாராக உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் மொத்தம் 200 வெட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். ஆக, படம் ஒன்றுக்கு அரை எம்பி, எல்லாம் சேர்ந்து 100 எம்பி. கிளையின் லைன் விநாடிக்கு 50 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். கணக்குப்படி 16 விநாடியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

7.05-க்கு என் தொலைபேசி அடித்தது. தாம்பரத்தின் ஸ்கேன் டெக்னீஷியன். “அக்கா, படம் அங்கே போகவே இல்லை. டாக்டர் மூன்று முறை கேட்டுவிட்டார். என்ன சொல்வது?” அவன் குரல் நடுங்கியது. நான் எழுந்து கணினியைத் திறப்பதற்குள் அவனே ஒரு வழி செய்துவிட்டான். ஸ்கேன் அறைத் திரையில் முக்கியமான வெட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கைபேசியில் புகைப்படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பினான். கசிவு தெரியவில்லை என்று டாக்டர் நர்சிங் ஹோமுக்குச் சொன்னார். முழுப் படம் வந்ததும் உறுதி செய்வதாகவும் சொன்னார். முழுப் படம் 7.20-க்குப் பிறகுதான் வந்தது. 16 விநாடி வேலை அரை மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறது.

அந்தப் பையன் அன்று செய்தது சமயோசிதம். ஆனால் ஒரு நோயாளியின் மூளைப் படத்தைத் திரையிலிருந்து கைபேசியில் சுட்டு அனுப்ப வேண்டிய நிலைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது நாங்கள் அமைத்த வலைப்பின்னல். இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

அமைப்பு

நான் வேலை செய்யும் நிறுவனத்துக்குச் சென்னையிலும் புறநகரிலும் 11 கிளைகள். அண்ணா நகர், தாம்பரம், வேளச்சேரி, பெரம்பூர் ஆகிய நான்கும் பெரியவை, சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் உண்டு. மற்ற ஏழும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு மட்டும் எடுக்கும் சிறிய கிளைகள். எல்லாக் கிளைகளுக்கும் 50 மெகாபிட் லைன். எல்லாம் வந்து சேரும் இடம் அம்பத்தூரில் ஒரு தரவு மையத்தில் உள்ள எங்கள் சர்வர். அங்கே உள்ளே வர 200 மெகாபிட், வெளியே போக 200 மெகாபிட். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்கள் அம்பத்தூரிலிருந்துதான் படங்களை இழுத்துப் பார்க்கிறார்கள்.

அம்பத்தூரில் இருப்பதற்கு மும்பையில் ஒரு நகல் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, ஊருக்கு வெளியே ஒரு பிரதி இல்லாமல் தூங்க முடியாது என்று எடுத்த முடிவு அது. சரியான முடிவு.

இரவு 11 மணிக்கு எல்லாக் கிளைகளும் அன்றைய படங்களை ஒரே கட்டாகக் கட்டி அம்பத்தூருக்கு அனுப்பத் தொடங்கும். நள்ளிரவு 12.30-க்குப் பெரிய கிளைகளில் சிசிடிவி பதிவுகள் கிளம்பும். 1 மணிக்கு அம்பத்தூரிலிருந்து மும்பைக்குப் பிரதி எடுக்கும் வேலை தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடங்கும் நேரம் இருந்தது. எதற்கும் முடிய வேண்டிய நேரம் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தில் கோளாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆனால் அதைக் கண்டுகொள்ள எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது.

முதலில் நினைத்ததும் அது ஏன் தவறு என்பதும்

அம்பத்தூர் லைனின் வரைபடத்தைத் திறந்தால் இரவு 11 மணியிலிருந்து காலை 7.20 வரை ஓட்டம் பெரும்பாலும் 200-ஐ ஒட்டியே நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: லைன் போதவில்லை, 500 மெகாபிட்டாக உயர்த்துவோம். விலைப்பட்டியல்கூட வந்துவிட்டது.

எனக்கு உறுத்தியது ஒரு சிறிய பெருக்கல் கணக்கு. பெரிய கிளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 30 ஜிபி, நான்குக்கும் 120. சிறிய கிளைக்கு 5 ஜிபி, ஏழுக்கும் 35. மொத்தம் 155 ஜிபி. 200 மெகாபிட் லைனில் இது முழுவதும் வந்துசேர 1 மணி 43 நிமிடம் போதும். ஏழு மணி நேரத்துக்கு மேல் லைன் நிரம்பி ஓடியிருக்கிறதென்றால், மிச்ச நேரமெல்லாம் அதில் ஓடியது என்ன?

பதிவேட்டை வரி வரியாகப் படித்தோம். 00.30, 02.15, 04.00, 05.45. இந்த நான்கு நேரங்களில் நான்கு பெரிய கிளைகளின் அனுப்புதலும் அறுந்திருந்தது. கேபிள் கோளாறு என்றால் ஒரு கிளையில் அறும். பெரம்பூரிலும் வேளச்சேரியிலும் ஒரே விநாடியில் அறுமா? அதுவும் சரியாக 105 நிமிட இடைவெளியில்? இது மண்ணுக்குள் நடந்த கோளாறு இல்லை, யாரோ எழுதிவைத்த விதி என்பது அப்போதுதான் புரிந்தது.

அனுப்பும் மென்பொருளில் 90 நிமிட வரம்பு ஒன்று இருந்தது. அதற்குள் முடியாவிட்டால் இணைப்பை வெட்டி, 15 நிமிடம் பொறுத்து, முதலிலிருந்து மறுபடி அனுப்பும். பழைய நாட்களில் சில அனுப்புதல்கள் பாதியில் உறைந்துபோய் விடியும்வரை அப்படியே நிற்குமாம். அதைத் தடுக்க வைத்த வரம்பு. அன்றைக்கு நியாயமானதுதான்.

அந்த இரவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 மணிக்குப் பதினொரு கிளைகளும் சேர்ந்து 200-ஐப் பங்கு போடுகின்றன. ஆளுக்கு 18 மெகாபிட் சொச்சம். 37 நிமிடத்தில் சிறிய கிளைகள் தங்கள் 5 ஜிபியை முடித்துக்கொண்டு விலகுகின்றன. அதன் பிறகு நான்கு பெரிய கிளைகளும் தலைக்கு 50 பெற்று விரைகின்றன. 90-வது நிமிடத்தில் ஒவ்வொன்றும் 25 ஜிபி அனுப்பி முடித்திருக்கிறது. இன்னும் 5 ஜிபி, அதாவது 13 நிமிட வேலை. வரம்பு வந்து வெட்டுகிறது. 25 ஜிபியும் குப்பைக்குப் போகிறது.

00.45-க்கு மறுபடி முதலிலிருந்து. இப்போது போட்டிக்குச் சிறிய கிளைகள் இல்லை. ஆனால் சிசிடிவி பதிவுகள் ஒவ்வொரு பெரிய கிளையிலும் 8 மெகாபிட் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 42. இந்த வேகத்தில் 30 ஜிபி போக 95 நிமிடம் ஆகும். வரம்போ 90. ஐந்து நிமிடம் போதாமல் அறுகிறது. மறுபடி, ஐந்து நிமிடம் போதாமல். மூன்றாம் முறையும் அதே. 6 மணிக்குச் சிசிடிவி வேலை முடிந்த பிறகு, ஐந்தாவது முயற்சியில் முழு 50 மெகாபிட்டும் கிடைத்து, 80 நிமிடத்தில், 7.20-க்கு எல்லாம் போய்ச் சேர்கின்றன.

அந்த ஓர் இரவில் சுமார் 440 ஜிபி பயணம் செய்து வீணாகப் போயிருக்கிறது, 120 ஜிபியைக் கொண்டுசேர்ப்பதற்காக. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் லாரிக்கு முன்னால் குடத்தோடு நின்ற யாருக்கும் இது உடனே விளங்கும். ஒரே குழாய், பதினொரு குடங்கள். குறித்த நேரத்துக்குள் நிரம்பாத குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறுங்குடத்தோடு மறுபடி வந்து நில் என்று ஒரு விதி. குழாய் இரவெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெருவெல்லாம் தண்ணீர், வீட்டில் இல்லை.

அப்படியானால் முன்பு எப்படி ஓடியது? இரண்டு வாரம் முன்பு வரை பெரிய கிளைகள் நாளொன்றுக்கு 24 ஜிபிதான் அனுப்பின. அந்த அளவுக்கு முழு வேலையும் 87 நிமிடத்தில் முடியும். வரம்புக்கு மூன்று நிமிடம் உள்ளே. டாக்டர்கள் மெல்லிய வெட்டுப் படங்களையும் சேமிக்கச் சொன்ன பிறகு 24 ஜிபி 30 ஆயிற்று. அளவு கால்பங்குதான் கூடியது. ஆனால் 87 நிமிடம் 103 ஆகி, வரம்பைத் தாண்டியதும் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்துவிட்டது. படிப்படியாக மெதுவாகியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். ஒன்பது நாள் இப்படியே ஓடியும் எவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் தினமும் காலை 8 மணி மின்னஞ்சலில் ‘வெற்றி’ என்றே வந்தது. 7.20-க்கு முடிந்தால் வெற்றிதானே! எத்தனை முறை விழுந்து எழுந்தது என்று அந்த மின்னஞ்சலில் ஒரு கட்டம் இல்லை.

தாம்பரத்துப் பெரியவரின் 100 எம்பி ஏன் நின்றது என்பதும் இதோடு தெளிந்தது. கிளையிலிருந்து அனுப்பும் மென்பொருள் வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக அனுப்பும். முன்னால் 30 ஜிபிக் கட்டு 6 மணியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அவசரப் படம் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிட வேண்டும் என்று அந்த வரிசைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இது புதிய நோய் அல்ல

1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் இதே மாதிரி ஒன்று நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம்தான். விநாடிக்கு 32 கிலோபிட் ஓட வேண்டிய இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் காரணத்தைத் தேடினார். தாமதமான தரவுப் பொட்டலங்களைத் தொலைந்துபோனதாக நினைத்து கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தப் பிரதிகளே வழியை அடைத்தன. 1988-ல் அவர் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாட்டு முறை, இணையத்தில் தரவைப் பிசகாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபியின் அடித்தளமாகி, இன்றுவரை இணையத்தைத் தாங்கி நிற்கிறது.

டிசிபி தன் மட்டத்தில் சரியாகவே வேலை செய்தது. அறுந்த இடம் அதற்கு மேலே, எங்கள் மென்பொருளில். பாடத்தைக் கீழ் மாடி கற்றுக்கொண்டு நாற்பது வருடம் ஆகப்போகிறது. மேல் மாடியில் நாங்கள் அதே தவறைப் புதிதாகச் செய்துகொண்டிருந்தோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

500 மெகாபிட் வாங்கியிருந்தால்? கிளைகள் முதல் முயற்சியிலேயே 81 நிமிடத்தில் முடித்திருக்கும். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் கைகுலுக்கியிருப்போம். ஆனால் கிளையின் 50 மெகாபிட் லைனில் 90 நிமிடத்துக்குள் போகக்கூடியது அதிகபட்சம் 33.75 ஜிபி. ஒரு கிளை 34 ஜிபியைத் தொட்ட இரவில் இதே கூத்து மறுபடி தொடங்கியிருக்கும், மாதாமாதம் கூடுதல் பணமும் கட்டிக்கொண்டு.

கட்டுகளை அவிழ்த்தது

முதலில் கேட்ட கேள்வி: இரவு 11 மணி வரை ஏன் காத்திருக்கிறோம்? கிளைகளுக்கு 4 மெகாபிட் லைன் இருந்த காலத்து வழக்கம் அது. பகலில் படம் அனுப்பினால் பில் போடும் கணினிகூட நின்றுவிடும். அதனால் இரவு. லைன் பன்மடங்கு பெரிதான பிறகும் வழக்கம் அப்படியே இருந்தது.

ஒரு பெரிய கிளையின் 30 ஜிபியைப் பன்னிரண்டு மணி நேர வேலை நாளில் பரப்பினால் சராசரி விநாடிக்கு 5.6 மெகாபிட்தான் வருகிறது. பதினொரு கிளைகளுக்கும் சேர்த்து 29-க்குள். 200 மெகாபிட் குழாயில் இது ஒரு சன்னமான ஒழுக்கு. இரவு 11 மணிக்கு நாங்கள் கண்ட நெரிசல் தானாக வந்ததில்லை. நாள் முழுக்கச் சேர்த்துவைத்து ஒரே நொடியில் திறந்துவிட்டு நாங்களே உண்டாக்கியது.

ஆகவே கட்டை அவிழ்த்தோம். ஒரு நோயாளியின் ஸ்கேன் முடிந்ததும் அந்த ஒன்று மட்டும் உடனே கிளம்பும். 800 வெட்டுகள் உள்ள பெரிய சி.டி. ஸ்கேன்கூட 400 எம்பிதான், 64 விநாடி. அதுவும் சிறு துண்டுகளாகப் போகும். இடையில் அறுந்தால் விட்ட துண்டிலிருந்து தொடரும். எந்தக் குடத்தையும் இனிக் கவிழ்ப்பதில்லை.

இதுவே பாதிக்கு மேற்பட்ட நோயைத் தீர்த்துவிட்டது. ஆனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிவரை வெறும் வயிற்றோடு வரும் கூட்டம் உண்டு. சராசரி என்பது அந்த மூன்று மணி நேரத்துக்குப் பொருந்தாது. லைன் அறுந்து மீளும் நாட்களும் உண்டு. அப்போது எதை முதலில் அனுப்புவது?

கெடு வைத்தது

டாக்டர்களோடும் கிளை மேலாளர்களோடும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டோம்: எது, எங்கே, எத்தனை மணிக்குள் இருக்க வேண்டும்? அவசர ஸ்கேன்: பத்து நிமிடம். அன்றைய ரிப்போர்ட்டுக்கான படம்: ஒரு மணி நேரம். கணக்கு, பில் தரவுகள்: காலை 6 மணி. மும்பைப் பிரதி: 24 மணி நேரம். சிசிடிவி: ஒரு வாரம். சிசிடிவிக்கு ஒரு வாரம் போதும் என்று மேலாளர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு வாரம் பொறுக்கக்கூடிய ஒன்று, பத்து நிமிடம் பொறுக்க முடியாத ஒன்றின் வழியில் இத்தனை இரவுகளாக 8 மெகாபிட்டைப் பிடித்துவைத்திருந்தது.

கெடு முன்னால் வருவதை முன்னால் செய் என்பது பழைய முறை. 1973-ல் லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரே செயலி பல வேலைகளைப் பார்க்கும் நிலையில் இதன் வலிமையை நிறுவினார்கள்: எல்லாக் கெடுவையும் காப்பாற்றும் வரிசை ஒன்று இருக்க முடியுமானால், இந்த முறையும் காப்பாற்றிவிடும். ஆனால் வேலை கொள்ளளவை மீறிவிட்டால் இதே முறை மோசமாகச் சரியும். தப்பிப்போகப் போகும் ஒரு வேலைக்கு நேரத்தைக் கொட்டி, அடுத்ததையும் தவறவிட்டு, அதற்கடுத்ததையும் தவறவிடும். அதனால் கெடுவை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. வாசலில் ஒரு கணக்குப்பிள்ளையும் வேண்டும்.

எங்கள் திட்டமிடும் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் மிச்சமுள்ள அளவைக் கெடுவுக்கு மிச்சமுள்ள நேரத்தால் வகுக்கிறது. அது அந்த வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச வேகம். கிளை லைன், அம்பத்தூர் லைன் இரண்டிலும் இந்த வேகங்களின் கூட்டல் கொள்ளளவில் தொண்ணூறு சதவீதத்துக்குள், அதாவது 45, 180-க்குள், இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டு இடத்திலும் பார்ப்பது முக்கியம். ஒரு லைனை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால், கத்திப்பாராவில் வண்டிகளை வேகமாக விட்டுவிட்டு கிண்டியில் நிறுத்திவைத்த கதையாகும். புதிதாக வரும் வேலை கூட்டலுக்குள் அடங்காவிட்டால் நிரல் உடனே சொல்லிவிடும்: இது காலை 6 மணிக்குள் முடியாது. விடிந்த பிறகு தெரிவதைவிட இரவு 9 மணிக்கே தெரிவது எவ்வளவோ மேல். மிஞ்சிய கொள்ளளவை மிக அருகில் கெடு உள்ள வேலைக்குக் கொடுக்கிறது.

ஒரு நேரத்தில் எத்தனை கிளைகளை அனுமதிப்பது என்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. பழைய கட்டுகளையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். பதினொன்றையும் ஒரே நேரத்தில் விட்டால் சிறிய கிளைகள் ஏழும் 37-வது நிமிடத்தில் முடிக்கும். நான்கு நான்காக விட்டால் முதல் நான்கு 13 நிமிடத்தில், அடுத்த மூன்று 27-ல் முடித்துவிடும். கடைசிக் கிளை முடியும் நேரம் 103 நிமிடத்திலிருந்து 107 ஆகும், அவ்வளவே. எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுவது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் ஏழு பேரை வீணாகக் காக்கவைத்து, கடைசி ஆளுக்கு நான்கு நிமிடம் மிச்சம் பிடிக்கிறது.

மும்பை லைன்: எட்டு இணைப்புகளின் கதை

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். டாக்டர்களின் காலை நேரப் புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

அம்பத்தூரிலிருந்து மும்பைக்குப் போய்த் திரும்ப 28 மில்லி விநாடி ஆகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதைவிட விரைவாக யாராலும் போக முடியாது. பிரதி எடுக்கும் பழைய மென்பொருள், பதில் வராமல் ஒரு நேரத்தில் 64 கேபிக்கு மேல் அனுப்பாது. 64 கேபி அனுப்பிவிட்டு 28 மில்லி விநாடி சும்மா நிற்கும். இப்படி ஓர் இணைப்பு எவ்வளவு பெரிய லைனில் போனாலும் விநாடிக்கு 18.7 மெகாபிட்டைத் தாண்டாது. 200 மெகாபிட்டை ஒரே இணைப்பால் நிரப்ப வேண்டுமானால் 700 கேபி வழியில் மிதந்துகொண்டிருக்க வேண்டும். டிசிபியின் 64 கேபி எல்லையை விரிக்கும் ஏற்பாடு 1992-லேயே தரமாக வந்துவிட்டது. எங்கள் மென்பொருள்தான் உள்ளுக்குள் பழைய அளவையே வைத்திருந்தது.

காரணம் தெரியாமலேயே, வேகம் போதவில்லை என்று எங்களில் யாரோ முன்பு எட்டு இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். எட்டும் சேர்ந்து 150 மெகாபிட். இரவில் முடிந்துவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் 1 மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கும் அந்த வேலை, அப்போது அம்பத்தூரில் பாதி எழுதப்பட்டுக் கிடந்த கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. காலை 7.20-க்கு உண்மையான கோப்புகள் வந்ததும் 120 ஜிபியை மறுபடி அனுப்பியது. 9 மணி தாண்டும்வரை டாக்டர்களுக்கு மிஞ்சியது ஏறக்குறைய 50 மெகாபிட். ஆறு பேர் ஒரே நேரத்தில் படம் இழுத்தால் ஒரு பெரிய சி.டி. ஸ்கேன் திறக்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். லைன் காலியாக இருந்தால் அதுவே ஒன்றரை நிமிடம்.

இதில் என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது அடுத்த கணக்கு. 155 ஜிபியை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் வேண்டிய வேகம் 14.4 மெகாபிட். அந்தப் பழைய ஒற்றை இணைப்பின் 18.7 மெகாபிட்டே போதும்! படம் அம்பத்தூர் வந்துசேரச் சேர அனுப்பிக்கொண்டே இருந்திருந்தால், அந்த மெதுவான இணைப்பே எவரையும் தொந்தரவு செய்யாமல் வேலையை முடித்திருக்கும்.

இப்போது மும்பைப் பிரதி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கோப்பு தற்காலிகப் பெயரில் வந்து, முழுமையாகச் சேர்ந்து, சரிபார்த்த பிறகுதான் நிஜப் பெயர் பெறும். நிஜப் பெயர் பெற்றதுதான் மும்பைக்குக் கிளம்பும். ஒரே இணைப்பு, ஆனால் பெரிய அளவில் மிதக்கவிடும் இணைப்பு. பகலில் 40 மெகாபிட்டுக்கும் இரவில் 120-க்கும் மேல் போகக் கூடாது. ஒரு நாள் லைன் அறுந்தால் மறுநாள் இரவில் ஈடுகட்ட இந்த இடைவெளி வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இந்த வழியில்தான் போயிருக்கின்றன. கூகுள் தன் தரவு மையங்களுக்கு இடையேயான பி4 வலைப்பின்னலைப் பற்றி 2013-ல் வெளியிட்ட கட்டுரையில், பல இணைப்புகளை ஏறத்தாழ நூறு சதவீதம் வரை நிரப்பி ஓட்டுவதாகச் சொன்னது. நெடுந்தூர இணைப்புகளை முப்பது நாற்பது சதவீதத்தில் ஓட்டுவதே வழக்கமாக இருந்த காலம் அது. பொறுத்துக்கொள்ளும் போக்குவரத்து எது, பொறுக்காதது எது என்று பிரித்து அறிந்திருந்ததால் அவர்களால் அது முடிந்தது. எங்களுடையது அதன் முன் கைக்குழந்தை. ஆனால் பிரித்தறியும் வேலை இரண்டுக்கும் ஒன்றே.

எங்கள் ஏற்பாட்டில் பிசகியது

இரண்டு வாரத்துக்குள் ஒரு கிளையில் பத்தில் ஒன்பது ஸ்கேன் ‘அவசரம்’ என்று வரத் தொடங்கியது. ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரவேற்பு மேசைக்கு எதிரே உட்கார்ந்து “ரிப்போர்ட் எப்போது வரும் தம்பி?” என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் தங்கள் வேலை அவசரம்தான், கேட்பவருக்கு உதவ நினைப்பதும் தவறில்லை. ஆனால் எல்லாமே அவசரம் என்றால் தாம்பரத்துப் பெரியவர் மறுபடி வரிசையின் வாலில்தான் நிற்பார். பொத்தானை எடுத்துவிட்டோம். இப்போது அனுப்பிய டாக்டரின் சீட்டில் பக்கவாதம், விபத்து, மூச்சுத்திணறல் போன்ற காரணங்கள் இருந்தால் தானாகவே அவசரம் ஆகும். கையால் மாற்றுவதற்குப் பணியில் உள்ள ரேடியாலஜி டாக்டருக்கு மட்டுமே அனுமதி.

காலை மின்னஞ்சலும் மாறிவிட்டது. ‘வெற்றி’ என்ற சொல் அதில் இல்லை. எத்தனை ஜிபி ஓடியது, அதில் எத்தனை ஜிபி உண்மையில் சேர்ந்தது, எத்தனை முறை அறுந்தது, கெடுவுக்கு எவ்வளவு முன்னால் முடிந்தது. இந்த நான்கு எண்கள் மட்டும். முதல் இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் என் தொலைபேசி அடிக்கும்.

மழைக்காலத்தில் ஒரு காலை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள். தாம்பரம் கிளையின் ஃபைபர் கேபிள் பொக்லைன் வாயில் போயிற்று. இதற்கென்று வைத்திருக்கும் 4ஜி இணைப்புக்குக் கிளை தானாக மாறியது. அன்று கிடைத்த வேகம் 10 மெகாபிட். 50 இருந்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

நிரல் முதல் ஐந்து நிமிடத்திலேயே கணக்கை மாற்றிக்கொண்டது. சிசிடிவியை நிறுத்தியது. காலை 6 மணிக் கெடு வேலைகள் பத்திரம் என்றது. ரிப்போர்ட்டுக்கான படங்களில் எவை ஒரு மணி நேரத்துக்குள் போகாது என்று பட்டியல் கொடுத்தது. கிளை மேலாளர் அந்த நோயாளிகளிடம் மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். யாரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை.

பதினோரு மணிவாக்கில் ஒரு விபத்துக் கேஸ் வந்தது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த இளைஞர்; தலை ஸ்கேன், 200 வெட்டு, 100 எம்பி. அப்போது லைனில் வேறு ஒருவரின் வயிற்று ஸ்கேன் பாதி போயிருந்தது. அது அதே துண்டில் நின்று வழிவிட்டது. தலை ஸ்கேன் 80 விநாடியில் அம்பத்தூர் சேர்ந்தது. பிறகு வயிற்று ஸ்கேன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இதையெல்லாம் நான் மாலையில் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று பகல் முழுவதும் தாம்பரத்திலிருந்தும் கீழ்ப்பாக்கத்திலிருந்தும் எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை.